மைதானத்தை முதலில் கேட்டவர்



விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நிர்வாகிகளின் வாழ்க்கையைச் சொல்வாரும் குறைவு, கேட்பாரும் குறைவு. ஆனால் ஒரு நாட்டில் விளையாட்டு வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் இன்றைய மாலையை ஜப்பானின் சபுரோ கவாபுச்சிக்கு என்று ஒதுக்கிக்கொண்டேன். அவர் முன்கள வீரராக ஒலிம்பிக்கில் ஆடினார். தேசிய அணிக்குப் பயிற்சி கொடுத்தார். ஜே லீக் என்ற தொழில்முறைக் கால்பந்து லீகை உருவாக்கினார். 78 வயதில், தனக்குச் சம்பந்தமே இல்லாத கூடைப்பந்தை மீட்டுக்கொடுக்க அழைக்கப்பட்டார், மீட்டும் கொடுத்தார். இத்தனை வேலைகளிலும் அவர் கேட்டது ஒன்றைத்தான். முதலில் மைதானத்தைக் காட்டு. அந்த மைதானத்தைத் தன்னுடையது என்று சொல்லும் ஊரைக் காட்டு. அணியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

1936 டிசம்பர் 3-ஆம் தேதி, ஒசாகா மாகாணத்தின் தக்காயிஷியில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது ஒசாகா வானொலி நாடகங்களில் நடித்திருக்கிறார். மிக்குனிகவோகா உயர்நிலைப் பள்ளியில் அவர் கால்பந்துக்கு வந்த கதை மிக எளிமையானது. அணியில் சேர்ந்தால் போட்டிக்காக ஷிக்கோகு தீவுக்குப் போய்வரலாம் என்று ஆசை காட்டினார்கள், சேர்ந்துவிட்டார். பல்கலைக்கழக நுழைவுக்கு இரண்டு ஆண்டு காத்திருந்து 1957-இல் வசேடாவில் சேர்ந்தார். மறு ஆண்டே, மாணவராக இருக்கும்போதே, தேசிய அணியின் சட்டையை அணிந்தார்.

1960-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கோடையில் ஜப்பான் அணி ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போனது. 1964 ஒலிம்பிக் டோக்கியோவுக்குக் கிடைத்துவிட்டது. சொந்த மண்ணில் மானம் போய்விடக்கூடாது என்ற கவலை ஜப்பான் கால்பந்துச் சங்கத்துக்கு. மேற்கு ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை ஏற்பாடு செய்தார்கள். அவரைச் சந்திக்க அணி டுயிஸ்பர்க் நகரின் விளையாட்டுப் பள்ளிக்குப் போனது. கவாபுச்சிக்கு அப்போது 23 வயது.

ஜப்பானில் அன்று பள்ளி மைதானம் என்றால் மண் தரை. வெயிலில் புழுதி, மழையில் சேறு. விழுந்தால் முழங்கால் உரியும். அப்படி வளர்ந்த பையன்கள் டுயிஸ்பர்கில் வரிசையாகப் பல மைதானங்களைப் பார்த்தார்கள், எல்லாமே பச்சைப் புல். உடற்பயிற்சிக் கூடம், மருத்துவ வசதி, தங்குமிடம் எல்லாம் ஒரே வளாகத்தில். தேசிய அணிக்கென்று கட்டிய மாளிகையாக இருந்திருந்தால் அவர் அதைப் பார்த்து வியந்துவிட்டு மறந்திருப்பார். ஆனால் அந்தக் கூடத்தில் உடல் ஊனமுற்றவர்கள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உயர்நிலை வீரருக்கும் அந்த ஊரின் சாதாரண மனிதருக்கும் ஒரே இடம். இப்படியும் ஒரு உலகம் இருக்கிறதா என்று அன்று மலைத்துப் போனதை அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நூற்றுக்கணக்கான விளையாட்டு வீரர்கள் வெளிநாடு போய் நல்ல மைதானங்களைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பார்த்ததை முப்பது ஆண்டு கழித்துச் சட்டவிதியாக எழுதியவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

கிராமர் ஜப்பானுக்கு வந்து பந்தை நிறுத்துவது, உதைப்பது என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். அன்றைய ஜப்பானின் நிலையை நமக்குத் தெரிந்த ஓர் அளவுகோலால் சொல்கிறேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை 2-0 என்று வென்றது. அந்த முறை தங்கப் பதக்கமும் நம்முடையது. இன்று இந்த இரண்டு நாடுகளும் கால்பந்தில் எங்கெங்கே நிற்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடையில் என்ன நடந்தது என்பதற்குப் பாதி விடை இந்த மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

1964 அக்டோபர் 14, டோக்கியோவின் கொமசாவா மைதானம். எதிரில் அர்ஜென்டினா. ஜப்பான் ஒரு கோல் பின்தங்கி, ரியூயிச்சி சுகியாமாவால் சமன் செய்து, மறுபடி பின்தங்கியது. ஆட்டம் முடிய பத்து நிமிடம்கூட இல்லாதபோது குனிஷிகே கமமோட்டோ இடப்பக்கத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்ப, கவாபுச்சி பாய்ந்து தலையால் முட்டி வலைக்குள் போட்டார். அடுத்த நிமிடமே அரிதாட்சு ஒகி வெற்றி கோலை அடித்தார். 3-2. பிறகு கானாவிடம் தோற்று, காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 4-0 என்று தோற்று, அணி வெளியேறியது. ஆனால் அர்ஜென்டினாவைச் சாய்த்த அந்தப் பிற்பகல் ஜப்பானியர்களுக்குக் கால்பந்தின் மேல் ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனது. நாட்டுக்காக அவர் ஆடியது 26 ஆட்டங்கள், அடித்தது 8 கோல். 1968-இல் மெக்ஸிகோவில் ஜப்பான் வெண்கலம் வென்றபோது அவர் அணியில் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே விளக்க வேண்டும். இவர்கள் யாரும் கால்பந்தால் பிழைத்தவர்கள் அல்லர். கவாபுச்சி 1961-இல் ஃபுருக்காவா எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் அலுவலக வேலைக்கு, கால்பந்து அதன் கூட. 1965-இல் தொடங்கிய ஜப்பான் கால்பந்து லீகின் 8 அணிகளும் இப்படிப்பட்ட நிறுவன அணிகள்தான். ஊழியர்களின் உற்சாகத்துக்கும் நிறுவனத்தின் பெயருக்கும் அணி. நிறுவனம் செழித்தால் அணி இருக்கும், நொடித்தால் அணி கலையும். பார்க்க வருபவர்களில் பலர் அந்தந்த நிறுவனத்தின் ஊழியர்கள். ஊருக்கும் அணிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மெக்ஸிகோ வெண்கலத்தின் சூடு ஆறியதும் இந்த லீகின் இருக்கைகள் காலியாயின.

1970-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு. 1973 முதல் 1975 வரை ஃபுருக்காவா அணியின் பயிற்சியாளர். 1980-இல், ஒலிம்பிக்கில் தன்னோடு ஆடிய மசாஷி வதனாபே தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்து திடீரென நோயில் விழ, கவாபுச்சி அந்தப் பொறுப்பை ஏற்று அணியை ஹாங்காங்கில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கு அழைத்துப் போனார். இளைஞர்களை நம்பி இறக்கினார், தகுதி கிடைக்கவில்லை. சில மாதங்களில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். பயிற்சியாளராக அவர் பெரிய சாதனையாளர் என்று நான் சொல்ல மாட்டேன். களத்தின் ஓரத்தில் நின்று மாற்றக்கூடியது எவ்வளவு குறைவு என்பதை அவர் அந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டார் என்பது என் கணிப்பு.

1988-இல் அவருக்கு 51 வயது. நிறுவனத்தில் இயக்குநர் பதவி வரைக்கும் போகலாம் என்று எதிர்பார்த்திருந்தவரை ஒரு துணை நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஜப்பானில் அந்த வயதில் அப்படி ஒரு மாற்றம் வந்தால், மேலே போகும் படி அடைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அவர் மனம் உடைந்தார் என்பதை அவரே மறைத்ததில்லை. அதே ஆண்டில்தான் ஜப்பான் கால்பந்து லீகின் பொதுச் செயலாளர் பொறுப்பு வந்தது. இனி என் வாழ்க்கை கால்பந்துக்கு என்று இறங்கினார்.

தொழில்முறை லீக் வேண்டும் என்ற பேச்சு முன்பே எழுந்திருந்தது. சங்கத்தின் கூட்டங்களில் தடையும் இருந்தது. இன்னும் காலம் கனியவில்லை என்றார் ஒருவர். இதற்கு முன்மாதிரி இல்லை என்றார் இன்னொருவர். காலம் கனியவில்லை என்பவர் நூறு ஆண்டு கழித்தும் அதையே சொல்வார், முன்மாதிரி இல்லை என்பவர் இருநூறு ஆண்டு கழித்தும் அதையே சொல்வார் என்று கவாபுச்சி பதில் கொடுத்ததாக ஜப்பானில் இன்றும் சொல்கிறார்கள்.

அவர் வாதத்தால் மட்டும் வென்றவர் அல்லர். நிபந்தனைகளை எழுதி எல்லோர் முன்னும் வைத்தார். கழகம் தனி நிறுவனமாகப் பதிவாக வேண்டும். சொந்த ஊர் ஒன்று இருக்க வேண்டும். 15,000 பேர் உட்காரும், விளக்கு வசதியுள்ள மைதானம் வேண்டும். சிறுவர் அணிகளை வளர்க்க வேண்டும். வீரர்களும் பயிற்சியாளர்களும் தகுதியோடும் ஒப்பந்தத்தோடும் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் எத்தனை கோப்பை வென்றாய் என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 20 கழகங்கள் விண்ணப்பித்தன. 1991-இல் 10 தேர்வாயின. ஷிசுவோகா மாகாணத்தில் யமஹா பலமான அணி. ஆனால் இடம் கிடைத்தது பெரிய நிறுவனம் எதுவும் முதுகில் இல்லாத, ஊர்மக்களை நம்பி எழுந்த ஷிமிசு கழகத்துக்கு. யமஹா அணி, ஜூபிலோ இவாட்டா என்ற பெயரோடு 1994 வரை காத்திருந்து உள்ளே வந்தது.

இதில் கஷிமாவின் கதையை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. இபாரகி மாகாணத்தின் கடலோரத்தில், அரை லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தொழிற்சாலை ஊர். அங்கே சுமிடோமோ மெட்டல் நிறுவனத்தின் அணி இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அவர்களும் விண்ணப்பித்தார்கள். உங்களுக்கு வாய்ப்பு 99.9999 விழுக்காடு இல்லை என்று கவாபுச்சி முகத்துக்கு நேராகச் சொன்னார். மீதி என்ன செய்தால் கிடைக்கும் என்று கேட்டார்கள். கால்பந்துக்கென்றே 15,000 பேர் உட்காரும், கூரை போட்ட மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்றார். அதைக் கேட்டால் ஒதுங்கிவிடுவார்கள் என்றுதான் அவர் நினைத்தார். மாகாண அரசு சம்மதித்தது. மைதானம் எழுந்தது. பிரேசிலின் ஜீகோ அந்தச் சிற்றூருக்கு வந்து பூட்ஸ் கட்டினார். முதல் சீசனில் தன் முதல் ஆட்டத்தில் கஷிமா ஆண்ட்லர்ஸ் நகோயாவை 5-0 என்று வென்றது. ஜீகோ மூன்று கோல். 2016 டிசம்பரில் யோகோஹாமாவில் நடந்த கழகங்களுக்கான உலகக் கோப்பை இறுதியில் இதே கஷிமா ரியல் மாட்ரிட்டைக் கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டுபோய் 4-2 என்று தோற்றது.

1993 மே 15. டோக்கியோவின் தேசிய மைதானத்தில் 59,626 பேர். வெர்டி கவாசாகியும் யோகோஹாமா மரினோஸும் மோதின. மரினோஸ் 2-1 என்று வென்றது. ஆட்டத்துக்கு முன் லீகின் தலைவராகக் கவாபுச்சி பேசியது அரை நிமிடம்தான். கால்பந்து ரசிகர்களுக்கு என்று சொல்லாமல், விளையாட்டை நேசிக்கும் எல்லோருக்கும் என்று சொல்லித் தொடங்கிவைத்தார். டுயிஸ்பர்கில் கைப்பந்து ஆடியவர்களும் அந்த அழைப்பில் அடக்கம். 1996-இல் ஜே லீக் வெளியிட்ட நூறாண்டுத் திட்டமும் இதையே பேசியது: ஒவ்வோர் ஊரிலும் புல்தரை, அங்கே யாரும் எந்த விளையாட்டையும் ஆடலாம்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? வெர்டியின் பின்னால் இருந்தது யோமியூரி நாளிதழ். அதன் அன்றைய தலைவர் ட்சுனேயோ வதனாபே ஜப்பானின் மிகச் செல்வாக்குள்ள மனிதர்களில் ஒருவராக இருந்தார். தொழில்முறை பேஸ்பாலில் அணிகள் நிறுவனத்தின் பெயரைச் சுமக்கின்றன; பணம் போடுபவன் பெயர் போடக்கூடாதா என்பது அவர் கேள்வி. கவாபுச்சி அசையவில்லை. அணியின் பெயரில் ஊர் இருக்கலாம், நிறுவனம் இருக்கக்கூடாது. சர்வாதிகாரி என்று திட்டு வாங்கினார். அவருடைய கற்பனை இலட்சியத்தால் கால்பந்து வளராது என்ற ஏச்சும் கிடைத்தது. இந்தச் சண்டை பல ஆண்டு பத்திரிகைகளில் நடந்தது. பின்னாளில் கவாபுச்சி, வதனாபே எனக்கு நன்மை செய்தவர் என்றார். அவர் சத்தம் போட்டதால்தான் ஊர்க் கழகம் என்றால் என்ன என்று நாடு முழுக்கத் தெரிந்தது என்பது அவர் கணக்கு. இருவரும் சமாதானமும் ஆனார்கள்.

கொடிகட்டிப் பறந்த காலம் நீளவில்லை. 1994-இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19,598 பேர் வந்தார்கள், 1997-இல் 10,131. பொருளாதாரமும் சரிந்திருந்தது. 1998 அக்டோபரில், முதல் பத்துக் கழகங்களில் ஒன்றான யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் மரினோஸோடு இணைக்கப்படும் என்று செய்தி வெளியானது. பின்னால் இருந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று விலகியது, மற்றொன்றால் தனியாகத் தாங்க முடியவில்லை. வீரர்களுக்கும் ரசிகர்களுக்கும் முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. லீக் அதை ஏற்றுக்கொண்டது.

கவாபுச்சியை மதிக்கிற நான் இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்க மாட்டேன். கழகம் ஊருக்குச் சொந்தம் என்று ஐந்து ஆண்டு சொல்லிவிட்டு, ஊரைக் கேட்காமல் மூடிய அறையில் எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தியது தவறு. கழகங்கள் எல்லாமே நொடியும் அபாயம் இருந்தது என்பது உண்மைதான். அதற்காக அந்த ரசிகர்களின் கண்ணீர் பொய்யாகிவிடாது. ஃப்ளூகெல்ஸ் வீரர்கள் அதன்பின் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1999 ஜனவரி 1-ஆம் தேதி பேரரசர் கோப்பை இறுதியில் ஷிமிசுவை 2-1 என்று வென்று, கோப்பையோடு கழகத்தை முடித்தார்கள். ரசிகர்கள் பணம் திரட்டி யோகோஹாமா எஃப்சி என்ற புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். 2007-இல் அது முதல் பிரிவுக்கே வந்தது. ஊரின் கழகம் என்ற அவர் பாடத்தை அவரைவிட நன்றாகப் படித்தவர்கள் அந்த ரசிகர்கள்தாம்.

2002-இல் ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். 2008 வரை இருந்தார். தன்னைத் தலைவர் என்று அழைக்க வேண்டாம், கேப்டன் என்று அழையுங்கள் என்றார். பள்ளி மைதானங்களுக்குப் புல் நாற்று கொடுக்கும் திட்டம் வந்தது. 2006-இல் ஃபுக்குஷிமாவில் சிறுவர் சிறுமியர் தங்கிப் படித்துக் கால்பந்து பழகும் அகாடமி திறந்தது. அதே ஆண்டு ஜெர்மனி உலகக் கோப்பையில், பயிற்சியாளராக அவர் தேர்ந்தெடுத்த ஜீகோவின் ஜப்பான் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. நாடு திரும்பி நிருபர்களிடம் பேசும்போது, அடுத்த பயிற்சியாளராக இவிட்சா ஓசிமின் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட்டார். தோல்விக்குப் பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில் பேச்சைத் திருப்பிவிட்டார் என்று ரசிகர்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

இனி கூடைப்பந்து. 2014 நவம்பரில் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஜப்பானை இடைநீக்கம் செய்தது. நாட்டில் இரண்டு லீகுகள், ஒன்று நிறுவன அணிகளின் வழிவந்தது, மற்றது அதிலிருந்து பிரிந்து ஊர்களை நம்பிப் போனது. பல ஆண்டு சமரசப் பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. பெண்கள் அணி ரியோ ஒலிம்பிக்குக்குப் போகும் பலத்தோடு இருந்தது; தடை நீடித்தால் அவர்கள் உழைப்பு வீண். 2015 ஜனவரியில் சீர்திருத்தக் குழுவின் தலைமை கவாபுச்சியிடம் வந்தது.

அவர் என்ன கேட்டார் என்று நினைக்கிறீர்கள்? 5,000 பேர் உட்காரும் உள்ளரங்கம். சொந்த ஊர் ஆட்டங்களில் 80 விழுக்காடு அங்கேதான் நடக்க வேண்டும். கழகங்கள் அதிர்ந்தன. பல ஊர்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் அவ்வளவு இருக்கை கிடையாது, ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த நிபந்தனை ஒரு காரியம் செய்தது. இரண்டு லீகின் கழகங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுத் தங்கள் மேயரின் கதவைத் தட்டப் போயின. பழைய சண்டையில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல அவர் உட்காரவே இல்லை. சங்கத்தின் பழைய இயக்குநர்களை விலகச் சொன்னார். 2015 ஆகஸ்டில் தடை நீங்கியது. பெண்கள் அணி ஆசியப் பட்டத்தை வென்று ரியோவுக்குப் போனது; அடுத்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது. 2016 செப்டம்பர் 22-ஆம் தேதி, இரண்டு லீகும் இணைந்த பி லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் டொயோட்டா வழிவந்த ஆல்வார்க் டோக்கியோவும், பிரிந்துபோன லீகிலிருந்து வந்த ஒகினாவாவின் ரியூக்யூ கோல்டன் கிங்ஸும் எதிரெதிரே நின்றன. அதற்குள் அவர் தான் ஏற்றிருந்த கூடைப்பந்துச் சங்கத் தலைமையைக் கைப்பந்து வீராங்கனையாக இருந்த யூக்கோ மித்சுயாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

பொதுவாழ்க்கையில் அவருடைய கடைசிப் பெரிய சறுக்கலையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில், பெண்களைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளுக்காக டோக்கியோ ஒலிம்பிக் குழுவின் தலைவர் யோஷிரோ மோரி விலக நேர்ந்தது. மோரி தனிப்பட்ட முறையில் கவாபுச்சியை அழைத்துப் பதவியை ஏற்கக் கேட்டார். 84 வயது கவாபுச்சி சம்மதித்து, அதை நிருபர்களிடமும் சொல்லிவிட்டார். விலகுகிறவரே வாரிசை நியமிப்பது எந்த ஊர் நியாயம் என்று நாடு கேட்டது. மறுநாளே அவர் பின்வாங்கினார். பதவி செய்கோ ஹாஷிமோட்டோவுக்குப் போனது. ஃப்ளூகெல்ஸ் விஷயத்தில் எங்கே இடறினாரோ அதே வகை இடத்தில்தான் இங்கும் இடறினார். நிபந்தனைகளை வெளிச்சத்தில் எழுதிவைத்த போதெல்லாம் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. இருவர் மூவர் அறைக்குள் பேசி முடிப்பதில் அவர் பங்கெடுத்த போதெல்லாம் சறுக்கினார். அந்தக் கோடையில் ஒலிம்பிக் கிராமத்தின் மேயராகத் தன் கடமையைச் செய்தார். 2023-இல் ஜப்பான் அவருக்குக் கலாசார விருதை வழங்கியது. அதே ஆண்டு ஜே லீகில் 60 கழகங்கள் இருந்தன. 1998-இல் முதல்முறை உலகக் கோப்பைக்குப் போன ஜப்பான் அதன்பின் ஒன்றையும் தவறவிட்டதில்லை.

கூடைப்பந்தில் அவருக்குப் பின் வந்தவர்கள் இப்போது அளவுகோலை இன்னும் உயர்த்தியிருக்கிறார்கள். 2026-இல் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட புதிய உயர்பிரிவில் சேர, களத்தில் வெல்வது மட்டும் போதாது. தரமான அரங்கம் வேண்டும், சராசரி 4,000 பார்வையாளர்கள் வேண்டும், ஆண்டு வருமானம் 120 கோடி யென் வேண்டும். ஒகினாவா போன்ற இடங்களில் நல்ல அரங்கம் பலன் தந்திருக்கிறது. 2021-இல் திறந்த அங்குள்ள புதிய அரங்கத்தில்தான் 2023 உலகக் கோப்பையில் ஆண்கள் அணி ஃபின்லாந்தை வென்று, பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றது. ஆனால் சிறிய ஊர்க் கழகங்களுக்குப் பயம் இருக்கிறது. மைதானத்தைக் கேட்பது வேறு, வருமானத்தைக் கேட்பது வேறு என்பது என் கட்சி. மைதானத்தை ஓர் ஊர் கூடிக் கட்டலாம், கஷிமா கட்டியது. 120 கோடி யென்னை ஒரு சிற்றூர் எப்படிக் கூடித் திரட்டும்? இந்த வாதம் ஜப்பானில் இன்னும் முடியவில்லை.